காகிதம் காத்த ஆணிகள்

கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகள் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்சின் ரப்பர் பட்டை பிடிக்காமல், எவர்சில்வர் செயின் வாங்கி மாட்டிக்கொண்டாராம். கோடை முழுக்கத் தென்னந்தோப்பில் வேலை. இப்போது செயின் மாட்டும் இடத்தில் வாட்சின் அலுமினிய உடம்பு சுண்ணாம்பு போலப் பொரிந்து உதிர்கிறது. "தண்ணீர் புகாது என்றுதானே விற்றார்கள்? செயின் மட்டும் புதுசாகவே மின்னுகிறதே?" என்று கேட்கிறார்.

தண்ணீர் உள்ளே புகவில்லை. வியர்வை வெளியே நின்றதே போதும். செயினைக் காத்துக்கொண்டே வாட்சு கரைந்திருக்கிறது.

சிறுவயதில் அழகர்கோவிலுக்குப் போகும்போது அம்மா எவர்சில்வர் சம்படத்தில் புளியோதரையை அழுத்தி நிரப்பி, அலுமினியத் தாளால் விளிம்போடு இறுக்கி மூடுவார். மறுநாள் மிச்சத்தைத் திறந்தால், சோறு பட்ட இடமெல்லாம் தாளில் ஊசித் துளைகள். எறும்பின் வேலை என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். செய்தது உப்பும் புளியும் எவர்சில்வரும் சேர்ந்து.

அலுமினியம் தன் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுவிடும், எவர்சில்வர் விடாது. இரண்டும் தொட்டுக்கொண்டு, மேலே உப்பு ஈரமும் படர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. எலக்ட்ரான்கள் எவர்சில்வருக்குப் போகும். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். தவளைக் காலை இரு உலோகங்களால் தொட்டு அது துடிக்கக் கண்ட இத்தாலியர் கால்வானியின் பெயரால் இதைக் கால்வானிக் அரிப்பு என்கிறோம்.

வாட்சு செய்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கெட்டியான ஆக்சைடு தோலாக்குகிறார்கள். ஆனோடைசிங் என்று பெயர். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதானாலும் அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்தாது. செயின் உரசி உரசி அதில் கீறல் விழுந்தால்தான் வினை. கீறலில் தெரியும் துளி அலுமினியம், அத்தனை பெரிய செயினுக்கும் எலக்ட்ரான் கொடுத்தாக வேண்டும். ஊர் முழுக்கச் சாப்பிட ஒரே வீட்டில் உலை வைத்தால் அந்த வீடு என்ன ஆகும்? ஆகவே இந்தத் துறையில் ஒரு விசித்திர விதி உண்டு: இரண்டில் ஒன்றுக்குத்தான் பூச்சு அடிக்க முடியும் என்றால், கெடாத உலோகத்துக்கு அடி. கெடும் உலோகத்துக்கு மட்டும் அடித்து, அதில் ஒரு கீறல் விழுந்தால், அந்த இடம் இன்னும் வேகமாகக் குழிந்துவிடும்.

இரு உலோகங்கள் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சாட்சி ஒரு கப்பல். மரப்புழுவுக்குப் பயந்து பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு அடித்தது. 1763-ல் பார்த்தால், செம்பு தொட்ட இரும்பாணிகள் இற்றுப் போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்திருந்தன. தகடு அடித்தவர்கள் சில இடங்களில் அதை உரிக்காமல் விட்டிருக்கிறார்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே காகிதம் நின்ற இடத்தில் ஆணி பிழைத்தது. வோல்டா தன் மின்கலத்தை அறிவித்ததற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே பாடம் எழுதப்பட்டுவிட்டது: உலோகங்களைத் தொட விடாதே.

இந்தப் படிப்புக்குப் பெரிய கூடம் கொட்டாம்பட்டிக்காரருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகப் போனால் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 பொங்கலன்று அங்கே திறக்கப்பட்டது. உலோக அரிப்பு அதன் முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. அத்தனை அருகில் அறிவு இருந்தும், அலுமினிய சர்வீஸ் ஒயரையும் செம்பு ஒயரையும் நேரடியாக முறுக்கி டேப் சுற்றிவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. இரண்டையும் இணைக்கவென்றே பைமெட்டல் கனெக்டர் கடையில் கிடைக்கிறது.

வாட்சுக்கு வழி எளிது. தோப்பு வேலைக்கு ரப்பர் அல்லது நைலான் பட்டை. செயின்தான் வேண்டுமென்றால் எவர்சில்வர் அல்லது டைட்டானியம் உடம்புள்ள வாட்சு, அலுமினிய உடம்புக்கு அலுமினியச் செயின், இல்லையேல் முனையில் பிளாஸ்டிக் இணைப்பு உள்ள செயின். வியர்த்த அன்று நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, கழற்றி வையுங்கள். சார்ஜில் போடும்போது ஈரம் இருக்கக் கூடாது.

குத்துவிளக்குக்குக் களிம்பு ஏறினால் புளி போட்டுத் துலக்கும் வீடுகள் நம்முடையவை. கையில் கட்டியதை மட்டும் மாதக்கணக்கில் கழற்றிப் பார்ப்பதில்லை. ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவின் பிடியிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நம் அசட்டையால் அது மறுபடி பொடியாகிறது. உள்ளே பேட்டரியும் திரையும் நன்றாயிருக்க, செயின் மாட்டும் காது இற்றதற்காக வாட்சு குப்பைக்குப் போகிறது.

இன்றிரவு செயினைக் கழற்றி, மாட்டும் பள்ளத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். பள்ளம் சொரசொரத்து, துணியில் வெள்ளைப் பொடி ஒட்டினால், நாளை முதல் ரப்பர் பட்டைக்கு மாறிவிடுங்கள்.