ஆண்ட்ராய்டா, ஐஃபோனா? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரி சேர்க்கை தொடங்கிவிட்டால் வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். பிள்ளைக்கு ஃபோன் வாங்க வேண்டும். "எல்லாரும் ஐஃபோன் வச்சிருக்காங்க அத்தா" என்று பிள்ளை சொல்லும். "இருபதாயிரத்துக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது" என்று அத்தா சொல்வார். வளைகுடாவில் இருக்கும் மாமா, "என்னோட பழைய ஐஃபோன் சும்மாதான் கிடக்குது, கொடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்பார். கடைசியில், புதுச்சேரி நேரு வீதிக் கடையில் விற்பனையாளர் எதைக் கையில் கொடுக்கிறாரோ அதுவே வீட்டுக்கு வந்து சேரும்.

இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் நம் குடும்பங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. அதனால் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஃபோன் இனி எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக ஓடும்? ஆண்ட்ராய்டா, ஐஃபோனா என்ற விவாதத்தில் பாதி இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

இயங்குதளம் கைவிட்டால் என்ன ஆகும்?

ஃபோனுக்குள் இருந்து எல்லா வேலைகளையும் நடத்தும் மென்பொருள்தான் இயங்குதளம். இன்று கடையில் கிடைப்பவை இரண்டு. ஒன்று கூகுளின் ஆண்ட்ராய்டு. சாம்சங், ரெட்மி, விவோ, ஒப்போ, ரியல்மி, மோட்டோரோலா ஆகியவை இதில்தான் ஓடுகின்றன. மற்றொன்று ஆப்பிளின் ஐஓஎஸ். இது ஐஃபோனில் மட்டுமே உண்டு.

ஒரு காலத்தில் மூன்றாவதும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் தொடங்கியபோது உலகமே நோக்கியாவைத்தான் கையில் வைத்திருந்தது. 2011இல் அந்த நிறுவனம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் இயங்குதளத்துக்கு மாறியது. லூமியா ஃபோன்கள் வந்தன. ஆனால் 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2019 டிசம்பர் 31ஆம் தேதியோடு விண்டோஸ் ஃபோன்களில் வாட்ஸ்அப்பும் நின்றது. கருவி நன்றாகத்தான் இருந்தது, பேட்டரியும் ஓடியது. ஆனாலும் அந்த ஃபோன் வைத்திருந்தவர் வேறு ஃபோன் வாங்க வேண்டியதாயிற்று.

இப்போதும் அதேதான் நடக்கிறது. ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே உள்ள ஃபோன்களை 2025 ஜனவரி 1 முதல் வாட்ஸ்அப் கைவிட்டது. ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ள ஐஃபோன்களை அதே ஆண்டு மே மாதம் கைவிட்டது. ஐஃபோன் 6 வைத்திருந்தவர்கள் அத்தோடு மாட்டிக்கொண்டார்கள். வங்கி ஆப்களும் இப்படித்தான் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும்.

கணக்கு இதுதான்

ஃபோனின் விலையை, அதற்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கப்போகும் மீதி ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்பது தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி. 2024 அக்டோபரில் இந்தியாவில் 19,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையில் வந்தது. அதற்கு ஆறு ஆண்டு அப்டேட் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதாவது 2030 வரை. 2026இல் வாங்கினால் மீதி நான்கு ஆண்டு. 19,000 ரூபாயை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 4,750 ரூபாய்.

இப்போது 15,000 ரூபாய்க்கு இன்னொரு ஆண்ட்ராய்டு ஃபோன் கிடைக்கிறது, அதற்கு மீதி இரண்டு ஆண்டு அப்டேட்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,500 ரூபாய். பார்க்க நாலாயிரம் குறைவு, உண்மையில் அதுதான் விலை அதிகம்.

ஐஃபோனுக்கு வருவோம். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26, 2018இல் வெளியான ஐஃபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஃபோன்களுக்குக் கிடைக்கவில்லை. 2019இல் வந்த ஐஃபோன் 11க்குக் கிடைத்தது. ஆக, வெளியான நாளிலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டு என்று கணக்கு வைக்கலாம். 2020இல் வெளியான ஐஃபோன் 12ஐ 2026இல் 25,000 ரூபாய் கொடுத்து வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். மீதி ஓரிரு ஆண்டுதான். இரண்டு ஆண்டு என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 12,500 ரூபாய். அதன் பிறகும் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களைச் சில காலம் ஆப்பிள் தருவதுண்டு. ஆனால் அதை நம்பி 25,000 ரூபாய் போடக் கூடாது.

புதிய ஐஃபோன் வாங்கி ஏழு ஆண்டு வைத்திருந்தால் கணக்கு மாறும். 2025 பிப்ரவரியில் ஐஃபோன் 16இ இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு வந்தது. ஏழு ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 8,560 ரூபாய். பழைய ஐஃபோனைவிட இது லாபம். ஆனால் அவ்வளவு தொகையை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க முடிகிற வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு நிறுவனமும், ஏன் ஒவ்வொரு மாடலும் வேறு வேறு ஆண்டுக் கணக்கு வைத்திருக்கிறது. எனவே மாடல் பெயரைச் சொல்லி, "இதற்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை?" என்று கேளுங்கள். கடையில் பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாமாவின் பழைய ஐஃபோன்

சும்மா கிடைக்கும் ஃபோன் என்றால் மேற்சொன்ன கணக்கு பெரிதாக உதைக்காது. ஆனாலும் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அவருடைய ஆப்பிள் கணக்கிலிருந்து அவரே வெளியேறி, ஃபோனை முழுவதுமாக அழித்துத் தர வேண்டும். இல்லையென்றால் ஃபோன் பூட்டிக்கொள்ளும், கடைக்காரராலும் திறக்க முடியாது.

இரண்டாவது, சிம் போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன் 14 முதலும், வளைகுடா நாடுகளில் விற்கும் ஐஃபோன் 17இலும் சிம் அட்டை போட இடமே இல்லை. இசிம் மட்டும்தான்.

மூன்றாவது, செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வெளியாரிடமிருந்து வாங்கும் எந்தப் பழைய ஃபோனுக்கும் இது கட்டாயம். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி, 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட ஃபோனா என்று தெரியும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். திருட்டுப் பொருளைத் தெரியாமல் வாங்கிவிட்டோம் என்ற நிலை நமக்கு வர வேண்டாம்.

பாங்கும் கிப்லாவும்

நம் வீடுகளில் தொழுகை நேர ஆப் இல்லாத ஃபோன் குறைவு. இதில் இரண்டு தளங்களுக்கும் தனித்தனிக் குறை உண்டு.

ஐஃபோனில் அறிவிப்பு ஒலி 30 விநாடிக்கு மேல் ஒலிக்காது. அதனால் பாங்கு பாதியிலேயே நின்றுவிடும். மேலும் ஓர் ஆப் முன்கூட்டிப் பதிந்து வைக்கும் அறிவிப்புகளில் 64ஐ மட்டுமே ஐஓஎஸ் வைத்துக்கொள்ளும். நாளுக்கு ஐந்து வேளை என்றால் 12 நாளுக்குத்தான் வரும். இடையில் ஆப்பைத் திறந்து பார்க்காவிட்டால் பாங்கு வராமல் போகலாம்.

ஆண்ட்ராய்டில் முழு பாங்கும் ஒலிக்கும். ஆனால் பல நிறுவனங்களின் ஃபோன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் இருக்கும் ஆப்களை நிறுத்திவிடும். ஃபஜ்ருக்கு ஒலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் தேடி, பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வைத்தால் சரியாகும்.

கிப்லாவைக் காட்ட ஃபோனுக்குள் காந்த உணரி வேண்டும். இன்றைய ஐஃபோன்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. விலை குறைந்த சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இருக்காது. கடையிலேயே திசைகாட்டி ஆப்பைத் திறந்து சோதித்துவிடலாம். புதுச்சேரியிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே சாய்ந்தது. ஆப் காட்டுவது அதையொட்டி இருந்தால் சரி.

தளம் மாறும்போது வாட்ஸ்அப்

இதில்தான் பலர் இழக்கக் கூடாததை இழக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் சேமித்த வாட்ஸ்அப் பேக்கப்பை ஐஃபோன் திறக்காது. மறைந்த அத்தாவின் குரல் பதிவு, பேரனின் முதல் வீடியோ எல்லாம் அதில் இருக்கலாம். ஐஃபோனுக்கு மாறுவதென்றால், புதிய ஃபோனை முதன்முதலில் அமைக்கும் நேரத்திலேயே 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் மூலம் மாற்ற வேண்டும். ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வருபவர்களும் முதல் அமைப்பின்போதே இரண்டு ஃபோன்களையும் கேபிளால் இணைத்து மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் வந்துவிட்டதா என்று பார்க்கும் வரை பழைய ஃபோனை அழிக்காதீர்கள், எக்ஸ்சேஞ்சுக்கும் கொடுக்காதீர்கள்.

பெரியவர்கள் கையில் எது பாதுகாப்பு?

"கல்யாணப் பத்திரிகை", "போக்குவரத்து அபராதம்" என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வரும். தொட்டு நிறுவினால் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டுக்கான கோப்பு, ஐஃபோனில் அதை நிறுவ முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஐஃபோன் மேல். அதற்காக நன்னிக்கு ஐஃபோன் வாங்க வேண்டியதில்லை. அவருடைய ஆண்ட்ராய்டு ஃபோனில் வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் வெளி ஆப்களை நிறுவும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஃபோனில் பேசி ஏமாற்றி ஓடிபியோ யுபிஐ பின்னோ வாங்கும் மோசடிக்கு எந்தத் தளமும் தடுப்பு அல்ல. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

'வட்டி இல்லாத' தவணை

ஐஃபோனை எட்டும் விலையாகக் காட்டுவது பெரும்பாலும் தவணைதான். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் வட்டியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வங்கி வட்டி போடுகிறது. அந்தத் தொகையை விற்பவர் முன்கூட்டித் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். கார்டு கணக்கு அறிக்கையில் வட்டி தனி வரியாக வரும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியையும் நீங்கள்தான் கட்டுவீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேட்கும்போது அந்த அறிக்கையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முடிவாக

கையில் 20,000 ரூபாய்க்குள் இருந்தால், நீண்ட கால அப்டேட் உள்ள புதிய ஆண்ட்ராய்டு ஃபோனே பிள்ளைக்குப் போதும். உறவினர் தரும் ஐஃபோன் 13 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். காசு கொடுத்துப் பழைய ஐஃபோன் வாங்குவது மூன்றிலும் நட்டமான வழி.

பிள்ளை முகம் வாடினால் திட்டாதீர்கள். ஒரு தாளை எடுத்து, விலையையும் மீதி ஆண்டுகளையும் பிள்ளையையே எழுதி வகுக்கச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அந்த வகுத்தல் கணக்கு புரியும், இன்ஷா அல்லாஹ்.