பெட் ஸ்கேன் வழிகாட்டும் நுரையீரல் புற்றுநோய்க் கதிர்மருத்துவம்

பெட் ஸ்கேன் வழிகாட்டும் கதிர்மருத்துவம் என்பது, நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சை எவ்விடத்தில், எவ்வளவு செலுத்துவது என்பதைப் பாசிட்ரான் உமிழ்வு வரைவியின் (பெட் ஸ்கேன்) படங்களைக் கொண்டு தீர்மானிக்கும் முறையாகும். நோயின் பரவலை அறிய இப்படங்கள் வழக்கமாகப் பயன்படுகின்றன. சிகிச்சையின் நடுவே மீண்டும் படமெடுத்து, அதற்கேற்பக் கதிரளவை மாற்றுவது ஆய்வு நிலையிலேயே உள்ளது.

செயற்படும் விதம்

புற்றுச் செல்கள் பொதுவாகக் குளுக்கோசை மிகுதியாக உறிஞ்சுகின்றன. கதிரியக்கப் புளோரின்-18 இணைக்கப்பட்ட, குளுக்கோசை ஒத்த எப்டிஜி என்னும் சேர்மம் சிரை வழியே செலுத்தப்படுகிறது. செல்லினுள் புகுந்த இச்சேர்மம் மேலும் சிதையாமல் அங்கேயே தேங்குவதால் கட்டி படத்தில் ஒளிர்கிறது. புளோரின்-18இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 110 நிமிடங்கள் மட்டுமே.

கட்டியால் மூச்சுக்குழல் அடைபட்டுச் சுருங்கிய நுரையீரற் பகுதி, சிடி ஸ்கேனில் கட்டியைப் போலவே தோன்றுவதுண்டு. பெட் ஸ்கேனில் இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். எனினும் ஒளிர்வதெல்லாம் புற்று அன்று. காசநோயும், கதிர்வீச்சினாலேயே உண்டாகும் அழற்சியும் கூட ஒளிரக்கூடும்.

ஆய்வுகள்

கதிரளவைக் கூட்டினால் பயனும் கூடும் என்ற எண்ணத்தை 2015இல் வெளியான ஆர்டிஓஜி 0617 ஆய்வு பொய்யாக்கியது. 60 கிரே பெற்றோரின் இடைநிலை உயிர்வாழ் காலம் 28.7 மாதங்கள், 74 கிரே பெற்றோருக்கு அது 20.3 மாதங்கள் மட்டுமே. இதயமும் உணவுக்குழாயும் அருகிலேயே இருப்பதால், எல்லா இடத்திலும் கூட்டாமல், எஞ்சிய கட்டிக்கு மட்டும் கூட்டலாமா என்ற வினா முதன்மை பெற்றது.

இம்முறையில் 42 பேருக்குச் சிகிச்சையளித்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்து நம்பிக்கை அளித்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாதது அதன் குறை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆர்டிஓஜி 1106 ஆய்வில், இடைநிலைப் படத்தைக் கொண்டு கதிரளவு 80.4 கிரே வரை உயர்த்தப்பட்டது. ஆயினும் கட்டியைக் கட்டுப்படுத்துவதில் குறிப்பிடத்தக்க மேம்பாடு இல்லை என 2021இல் அறிவிக்கப்பட்டது.

மாறாக, செருமனி, ஆசுதிரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் நடந்த பெட்-பிளான் ஆய்வு (2020) இலக்கைச் சுருக்கிப் பார்த்தது. ஒரு குழுவில், சிகிச்சைக்கு முந்தைய படத்தில் ஒளிர்ந்த பகுதிகளுக்கு மட்டுமே கதிர் செலுத்தப்பட்டது. ஐயத்தின் பேரில் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள் சேர்க்கப்படவில்லை. திட்டப்படி சிகிச்சை பெற்றோரில், ஓராண்டில் அதே பகுதியில் நோய் முற்றும் வாய்ப்பு 14 சதவீதமாகவும், வழக்கமான முறையில் 29 சதவீதமாகவும் இருந்தது. இதுவரை கிட்டிய தெளிவான பயன் இதுவே எனலாம்.

ஆக்சிசன் குறைந்த கட்டிப் பகுதிகள் கதிர்வீச்சுக்கு எளிதில் மசிவதில்லை. அவற்றைக் காட்டும் எப்மிசோ என்னும் வேறொரு சேர்மமும் ஆராயப்படுகிறது.