தாய்ச்சி: மெல்ல அசையும் உடல், விழித்திருக்கும் மனம்

என் அம்மாவுக்கு 72 வயது. சென்ற ஆண்டு ஒருநாள் நான் பள்ளி முடிந்து வந்ததும் "டீ போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டுப் போட்டுத் தந்தார். குடித்த டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, மறுபடியும் அதையே கேட்டார். நான் சிரித்தேன். மூன்றாம் முறை கேட்டபோது சிரிக்க முடியவில்லை.

மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். பி12 வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு சரியில்லாவிட்டாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும் என்றார். அவை இல்லை என்று தெரிந்தபின், இது லேசான அறிதிறன் குறைபாடு, இந்த நிலையில் உள்ள எல்லோருக்கும் மறதிநோய் வந்துவிடுவதில்லை என்று விளக்கினார். தினமும் உடற்பயிற்சி, நாலு பேரோடு பேச்சு, புதிதாக ஏதேனும் கற்றல் ஆகிய மூன்றையும் செய்யச் சொன்னார். மூன்றும் ஒன்றாக இருக்கும் பயிற்சி எது என்று தேடியபோதுதான் தாய்ச்சி கண்ணில் பட்டது.

தாய்ச்சி சீனாவின் ஹெனான் மாநிலத்தில் உள்ள சென் கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் உருவான தற்காப்புக் கலை. சென், யாங், வூ எனக் குடும்பப் பெயர்களிலேயே அதன் பாணிகள் வழங்குகின்றன. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் பாணியிலிருந்து 24 அசைவுகளைத் தொகுத்து, எவரும் ஐந்தாறு நிமிடத்தில் செய்து முடிக்கும்படி எளிமையாக்கியது. இன்று சீனப் பூங்காக்களில் காலையில் முதியவர்கள் கூட்டமாகச் செய்வது பெரும்பாலும் இதைத்தான். 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தாய்ச்சியைச் சேர்த்தது.

ஆனால் உடலசைவையும் மூச்சையும் இணைக்கும் பழக்கம் சீனாவில் இதைவிட மிகப் பழையது. சாங்ஷா நகருக்கு அருகே மவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் தோண்டினார்கள். அதில் கிடைத்த பட்டுத் துணி ஓவியத்தில் ஆண்களும் பெண்களுமாக 44 பேர் கைகளை நீட்டியும் முதுகை வளைத்தும் பயிற்சி செய்கிறார்கள். நம் வகுப்பறைச் சுவரில் ஒட்டும் ஆசனப் படத்தாள் போலவேதான் இருக்கிறது! சமூக அறிவியல் ஆசிரியர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

இனி, இது எப்படி வேலை செய்கிறது? தாய்ச்சியில் அடிப்படை வேலை எடை மாற்றுவதுதான். முழங்காலைச் சற்றே மடக்கி, உடல் எடை முழுவதையும் ஒரு காலுக்குக் கொண்டுசென்று, மற்றக் காலை மெதுவாக எடுத்து வைக்க வேண்டும். வேகமாகச் செய்தால் உடலின் வேகமே நம்மைத் தூக்கிச் சென்றுவிடும். மெதுவாகச் செய்யும்போது தொடைத் தசைதான் முழு எடையையும் தாங்க வேண்டும். கூடவே, அடுத்த அசைவு எது, கை எந்தப் பக்கம், பார்வை எங்கே என்பதை மனம் விடாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதாவது கால்களுக்கும் நினைவாற்றலுக்கும் ஒரே நேரத்தில் வீட்டுப்பாடம்.

பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லும் முதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் அம்மாவும் அப்படித்தான். இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்ய மூளை திணறுவதன் அடையாளம் அது. அவ்வாறு நிற்பவர்கள் கீழே விழும் வாய்ப்பும் அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபுஜொங் லீ என்பவரின் தலைமையில் இதற்கான ஆய்வுகள் நடந்தன. 2018இல் வெளியான ஆய்வில் 70 வயதைக் கடந்த 670 பேர் பங்கேற்றனர். வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் கீழே விழுவது 58 விழுக்காடு குறைந்தது. 2023இல் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. நினைவாற்றல் குறைந்த 318 முதியவர்கள் வீட்டிலிருந்தபடியே காணொலி வழியாக வாரம் இருமுறை, 24 வாரங்கள் பயிற்சி செய்தனர். ஒரு குழுவினர் அசையும்போதே ஒரு சொல்லின் எழுத்துகளை முன்னிருந்தும் பின்னிருந்தும் சொன்னார்கள். 30 மதிப்பெண் கொண்ட அறிதிறன் தேர்வில் அவர்கள் நீட்டல் பயிற்சிக் குழுவைவிட 2.8 மதிப்பெண்ணும், சாதாரணத் தாய்ச்சிக் குழுவைவிட 1.5 மதிப்பெண்ணும் கூடுதலாக முன்னேறினர்.

இதைப் படித்து மறதிநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பவும் வேண்டாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. திடீரெனக் குழப்பம் வந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அம்மாவுக்கு 24 அசைவுகள் அதிகம் என்று தோன்றியதால், சோங் அரச மரபுக் காலத்திலிருந்தே பேசப்படும் 'பா துவான் ஜின்' என்ற எட்டு அசைவுப் பயிற்சியில் தொடங்கினோம். நின்ற இடத்திலேயே செய்யலாம். பதினைந்து நிமிடம் போதும். முதல் அசைவில் விரல்களைக் கோத்து, மூச்சை இழுத்தபடி, உள்ளங்கை வானைப் பார்க்குமாறு தலைக்கு மேலே தள்ளி, மூச்சை விட்டபடி கைகளை இறக்க வேண்டும். இரண்டாவது, வில்லை இழுப்பது போன்ற அசைவு. கடைசியில் குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது ஏழு முறை. தடுமாறினால் பிடித்துக்கொள்ள அருகில் ஒரு நாற்காலி. நாளெல்லாம் நின்று பாடம் நடத்தும் என் முழங்காலுக்கும் இது இதமாக இருக்கிறது.

ஓரிகன் முறையில் சொல் விளையாட்டையும் சேர்த்தேன். 'தாமரை'யைப் பின்னிருந்து சொல்லச் சொன்னால் கை நின்றுவிடும். கையை அசைத்தால் சொல் நின்றுவிடும். ஒரு வாரம் பார்த்தார். பிறகு நான் எந்தச் சொல்லைக் கேட்டாலும் "விகடகவி" என்று சொல்லித் தப்பிக்கத் தொடங்கினார். எப்படித் திருப்பினாலும் சரியாகத்தானே வரும்!

டீ போடட்டுமா என்ற கேள்வி இன்றும் இரண்டு முறை வருகிறது. ஆனால் எட்டு அசைவுகளின் வரிசை அவருக்கு மனப்பாடம். நேற்று நான் நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போனபோது, "திரும்பிப் பார்க்கிறதை விட்டுட்டியே" என்று நிறுத்தினார். அடுத்த பரிசோதனைக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.