விண்வெளியிலிருந்து ஒரு ஹலோ!

‘‘அதெல்லாம் சோறு போடுமாடா?’’

கிடாரைத் தொட்டாலும் சரி, கேமராவைத் தூக்கினாலும் சரி... நம்ம வீட்டில் வந்து விழும் முதல் கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்கு ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லியிருக்கார். அதுவும் எங்கேயிருந்து? விண்வெளியிலிருந்து!

அவர் பெயர் ஓவென் கேரியட். 1930-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், எனிட் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே அப்பாவோடு சேர்ந்து ஹாம் ரேடியோவுக்குப் படித்து லைசென்ஸ் வாங்கினார். ஹாம் என்றால் வேறொன்றுமில்லை. அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் வைத்து, முன்பின் தெரியாத ஆட்களோடு அலைவரிசையில் பேசுகிற பொழுதுபோக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனி அழைப்புக்குறி உண்டு. கேரியட்டின் குறி டபிள்யூ 5 எல்.எஃப்.எல்.

அந்த ஆசைதான் அவரை எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படிக்க வைத்தது. 1953-ல் பட்டம் வாங்கிய கையோடு அமெரிக்கக் கடற்படைக்குப் போனார். போர்க்கப்பல்களில் எலெக்ட்ரானிக்ஸ் அதிகாரியாக மூன்று வருஷம் வேலை. அப்புறம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். சோவியத் யூனியன் 1958-ல் ஏவிய ஸ்புட்னிக் 3 அனுப்பிய ரேடியோ சிக்னல்களை வைத்து, பூமியைச் சுற்றியுள்ள அயனி மண்டலத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். வீட்டு மூலையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்ட பையன், இப்போ விண்வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்!

1965-ல் நாசா முதன்முறையாக விஞ்ஞானிகளை விண்வெளி வீரர்களாகத் தேர்ந்தெடுத்தது. மொத்தம் 6 பேர். அதில் இவரும் ஒருவர். ஆனால் உடனே பறந்துவிடவில்லை. எட்டு வருஷம் காத்திருந்தார். ஜெட் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் 59 நாட்கள். அன்றைக்கு அது உலக சாதனை. திட்டமிட்டதைவிட ஒன்றரை மடங்கு வேலையை முடித்துவிட்டுத் திரும்பியது அந்த மூவர் குழு.

உழைப்பாளி என்றால் உம்மணாமூஞ்சி என்று நினைக்காதீங்க. மனைவியின் குரலை டேப்பில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஒருநாள் கட்டுப்பாட்டு அறைக்கு அதைப் போட்டுவிட்டார். பசங்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தேன் என்று விண்வெளியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டால் எப்படி இருக்கும்? கீழே இருந்தவர் ஆடிப்போனார்!

ஆனாலும் மனசுக்குள் ஒரு ஆசை பாக்கி இருந்தது. மேலே போய் ஹாம் ரேடியோவில் பேசணும். ஸ்கைலாப் காலத்திலேயே ஹாம் அமைப்புகள் கேட்டுப் பார்த்தன. அனுமதி கிடைக்கவில்லை. கேரியட் கோபப்படவில்லை, காத்திருந்தார். இன்னும் பத்து வருஷம்.

1983 நவம்பர் 28. கொலம்பியா விண்கலம் கிளம்பியது. ஆறு பேர், இரண்டு ஷிஃப்ட், ஆளுக்கு 12 மணி நேர வேலை. ரேடியோவுக்கென்று அலுவல் நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. வேலை இல்லாத ஓய்வு நேரத்தில்தான் கேரியட் தன் ரேடியோவை எடுத்தார். கையில் பிடிக்கிற வாக்கி டாக்கி மாதிரி ஒரு பெட்டி. ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஆன்டெனா. சில வாட் சக்திதான்.

இது எப்படிப் பூமி வரை எட்டும்? அந்த அலைவரிசை நேர்கோட்டில்தான் போகும். நம்ம மொட்டை மாடியிலிருந்து பேசினால் கட்டடமும் மலையும் குறுக்கே நிற்கும். மேலே, சுமார் 250 கிலோமீட்டர் உயரத்தில், குறுக்கே யாரு? ஆனால் விண்கலம் பறக்கும் வேகத்தில், ஓர் ஊருக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான்.

கேரியட் அழைத்தார். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்திலிருந்து ஒரு ஹாம் பதில் சொன்னார். விண்வெளியில் இருந்த ஒருவரோடு ஒரு சாதாரண மனிதர் தன் வீட்டு ரேடியோவில் பேசியது அதுதான் முதல்முறை. அந்தப் பயணத்தில் சுமார் 250 பேரோடு பேசினார். அதில் ஜோர்டான் மன்னர் ஹுசேன் உண்டு. அமெரிக்க செனட்டர் பேரி கோல்டுவாட்டர் உண்டு. எனிட் ஊரிலிருந்த அம்மாவும் உண்டு! ரேடியோவில் ராஜாவுக்குத் தனி வரிசை கிடையாது.

வாசல் திறந்துவிட்டது. அடுத்தடுத்து விண்கலங்களில் ஹாம் ரேடியோ போனது. 2000 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் பள்ளி மாணவர்களோடு பேசிவருகிறார்கள். 2008-ல் அந்த நிலையத்துக்குப் போனவர்களில் ஒருவர் ரிச்சர்டு கேரியட். ‘அல்டிமா’ கம்ப்யூட்டர் கேமை உருவாக்கியவர், ஓவெனின் மகன். மேலே போய் அவரும் ஹாம் ரேடியோவைத்தான் கையில் எடுத்தார். அப்பாவோடு சேர்ந்து படித்த பையனின் கதை, மகன் வரை வந்து நின்றது.

2019 ஏப்ரல் 15-ல், 88 வயதில் ஓவென் கேரியட் மறைந்தார். அவர் வேலைக்காகப் பொழுதுபோக்கை விடவில்லை. பொழுதுபோக்குக்காக வேலையை ஏமாற்றவும் இல்லை. அவ்வளவு பெரிய பயணத்திலும் தன் ஓய்வு நேரத்திலிருந்துதான் அதற்கு நேரம் எடுத்தார்.

நம்ம ஊரிலும் 12 வயது நிரம்பியவர் பரீட்சை எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கலாம். ரேடியோ பிடிக்காதா? பரவாயில்லை. அட்டத்தில் தூசி படிந்து கிடக்கிற உங்க கிடாரோ, கேமராவோ... இன்னிக்கு ராத்திரி அரை மணி நேரம் கீழே இறக்கிப் பாருங்களேன்!