சீமைக் கருவேலத்தின் உள்ளே வாழும் பாக்டீரியாக்கள்

வேலிகாத்தான் என்றும் அழைக்கப்படும் சீமைக் கருவேலத்தின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி. 1870-களில் இந்தியாவுக்கு வந்த இம்மரம், இராமநாதபுரத்தின் வறண்ட கண்மாய்களிலும் கடலோர உவர் நிலங்களிலும் மண்டிக் கிடக்கிறது. ஆழத்தில் நீர் தேடும் வேரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும் அடிமரமும் அதன் வலிமைகள். திசுக்களுக்குள் வாழும் பாக்டீரியாக்களும் அதற்குத் துணை நிற்கின்றன.

சீமைக் கருவேலம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் அதன் வேரில் புகுந்து முடிச்சுகளை உருவாக்குகின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை நேரடியாகப் பயன்படுத்தத் தாவரங்களால் இயலாது. இந்தப் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகின்றன. பதிலுக்கு மரம் தன் உணவில் பங்கு கொடுக்கிறது. சத்தற்ற மண்ணிலும் அது வளர்வதற்கு இந்த உறவு பெரிதும் உதவுகிறது.

புதிய நாட்டில் குடியேறும் மரத்துக்கு இந்தத் துணை எப்படிக் கிடைக்கிறது? சூடானிலும் கென்யாவிலும் வேல மரங்கள், அங்கு வந்தேறிய சீமைக் கருவேலத்தின் உறவு மரங்கள் ஆகிய இரண்டின் வேர்முடிச்சுகளிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் இரண்டு புதிய இனங்கள் 1999-இல் விவரிக்கப்பட்டன. வந்தேறி மரங்களால் உள்ளூர் வேல மரங்களின் கூட்டாளிகளையே தமதாக்கிக்கொள்ள முடியும் என்பதை இது காட்டுகிறது.

முடிச்சு உண்டாக்காமல், செல்களின் இடைவெளிகளில் நோய் தராமல் வாழ்பவை உள்வாழ் பாக்டீரியாக்கள். வேர் வெடிப்புகள், இலைத்துளைகள் வழியாகவோ விதை மூலமாகவோ இவை உள்ளே சேர்கின்றன. வறட்சியிலும் உப்பிலும் செடி எத்திலீன் வாயுவை மிகுதியாகச் சுரக்கும். அது வேர் வளர்ச்சியைத் தடுக்கும். எத்திலீனின் மூலப்பொருளை உடைக்கும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருப்பதால் வேர் தொடர்ந்து நீள்கிறது. வேறு சில, வேரைத் தூண்டும் ஆக்சின் ஹார்மோனைச் சுரக்கின்றன. இரும்பைப் பற்றியிழுக்கும் சேர்மங்களையும் வெளியிடுகின்றன.

நச்சு மண்ணிலும் இந்தக் கூட்டுறவு உண்டு. பாகிஸ்தானில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் குரோமியம் சேர்ந்த நிலத்தில் வளர்ந்த சீமைக் கருவேலத்திலிருந்து, அந்த உலோகத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 2015-இல் அந்த ஆய்வு வெளியானது. தாவரங்களைக் கொண்டு மாசு மண்ணைத் தூய்மைப்படுத்த இந்தப் பாக்டீரியாக்கள் உதவக்கூடும்.

இத்தகைய பாக்டீரியாக்களை உவர் நிலப் பயிர்களில் சேர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. தொட்டிச் செடியில் பலன் தந்தவை வயலில் தோற்பதுண்டு. அங்குள்ள நுண்ணுயிர்களுடன் அவை போட்டியிட வேண்டும். எனவே மண், பயிர், பருவம் மூன்றுக்கும் பொருந்துபவற்றைத் தேர்ந்து, வயலிலேயே சோதித்த பிறகே உழவர்களிடம் கொடுக்க வேண்டும்.