எத்தனை டிராக் என்று கேட்காதீர்கள்: வீட்டில் பாடல் பதிய ஒரு ரெக்கார்டர்

வீட்டிலேயே பாடல் பதிவு செய்ய மல்டிடிராக் ரெக்கார்டர் வாங்கலாமா என்று கல்லாவிப் பக்கத்து இளைஞர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. கையில்தான் செல்போன் இருக்கிறதே, அது போதாதா என்கிறார்கள் பெற்றோர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

செல்போனின் சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்தே பிடிக்கும். பின்னால் தஃப் சத்தத்தை மட்டும் குறைக்க வழியில்லை. மல்டிடிராக் கருவி ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் வைக்கிறது. முதலில் பாடியதை ஹெட்போனில் கேட்டபடியே அடுத்ததைப் பதியலாம். 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் 4 டிராக் பதியும் போர்ட்டா ஸ்டுடியோவைக் கொண்டு வந்தபோதுதான் இந்த வசதி வீட்டு மேசைக்கு வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டிலேயே ஸ்டுடியோ அமைத்தது 1989-இல். 1992-இல் வந்த ‘ரோஜா’ பாடல்கள் அங்கே உருவானவைதான்.

இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நாம் நுழையவில்லை. ஆனால், குரலும் தஃபும் போதும் என்றிருக்கும் குடும்பத்துக்குத்தான் இந்தப் பெட்டி அதிகம் உதவும் என்பது நம் கருத்து. ஒரே பிள்ளை முதலில் பாடலைப் பாடுகிறான். அடுத்த தடத்தில் அதையே கீழ் சுருதியில் பாடுகிறான். மூன்றாவதில் பின்னணிக் குரல். கேட்பவருக்கு ஒரு குழுவே பாடுவது போலிருக்கும்.

கடைக்காரர் 8 டிராக், 24 டிராக் என்பார். நாம் கேட்க வேண்டியது வேறு: ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைத் தனித்தனியாகப் பதியும்? ஜூம் ஆர்8, டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் இரண்டிலும் 8 டிராக் உண்டு. ஒரே சமயத்தில் பதிவது 2 மட்டுமே. டாஸ்காம் டிபி-24எஸ்டி ஒரே சமயத்தில் 8 பதியும். பைத் குழு முழுவதும் சேர்ந்து பாடினால்தான் அது தேவை. ஒருவர் பின் ஒருவராகப் பதியும் வீட்டுக்கு 2 போதும். மிச்சப் பணத்தில் நல்ல மைக்கும் காதை முழுக்க மூடும் ஹெட்போனும் வாங்கலாம். ஹெட்போன் காதை மூடாவிட்டால் பழைய டிராக்கின் சத்தம் கசிந்து புதிய பதிவிலும் ஏறிவிடும். கண்டென்சர் மைக் என்றால் பெட்டியில் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியிலும் ஓடும் மாடல் நல்லது. பதியும்போது கரண்ட் போனால் அந்தப் பாட்டு போனதுதான்.

24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி பிடிக்கும். 8 டிராக்கில் 5 நிமிடப் பாடல் 320 எம்பி அளவுக்கு வரும். எஸ்டி கார்டை அந்தக் கருவியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

மீட்டரில் உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த குரலைப் பின்னால் சரிசெய்வது கடினம். தஃபின் அடி திடீரென எகிறும். மைக்கை மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். ஃபேனை அணைத்து, பாய், மெத்தை, கனத்த திரை உள்ள அறையில் பாடினால் எதிரொலி அடங்கும்.

வாங்குமுன் ஒன்று. பேண்ட்லேப் போன்ற இலவச ஆப்பிலும் பல டிராக் பதியலாம். அதில் நான்கு பாடல்களை முடிக்கும் பொறுமை பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கருவிக்குப் பணம் கொடுங்கள்.

வாங்கிவிட்டால் முதல் பதிவு வீட்டுப் பெரியவர்களுடையதாக இருக்கட்டும். கல்யாண வீடுகளில் தாதிமா பாடிய பாட்டு பல குடும்பங்களில் அவரோடேயே போய்விட்டது. அவர் காதில் ஹெட்போனை மாட்ட வேண்டாம். தாளத்துக்குள் இழுக்கவும் வேண்டாம். ஒரே டிராக்கில் அவர் போக்கில் பாடட்டும். தொடங்கும்போது அவர் பெயர், ஊர், தேதியை அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். அன்றைக்கே அந்த வேவ் ஃபைலை வேறு இரண்டு இடங்களில் காப்பி எடுத்து வையுங்கள்.