பீன்யாவின் இருமலுக்கு மருந்து எது?

பெங்களூர்: தும்கூர் சாலையை ஒட்டிய பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரப் பட்டறைகளும் வார்ப்பட ஆலைகளும் ஆயத்த ஆடை நிறுவனங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. தமிழகத் தொழிலாளர்களும் இங்கு உண்டு. தூசியில் உழைப்பவருக்கு இருமல் கண்டால், பலரும் நாடுவது மருத்துவமனையை அல்ல. கடையில் கிடைக்கும் மூலிகை சிரப்பைத்தான். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடுமே!

மூலிகையைப் பழிப்பதற்கில்லை. சீனர்கள் இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் 'மா ஹுவாங்' என்ற எபிட்ரா செடியை நெடுங்காலமாகக் கஷாயமாக்கிக் கொடுத்து வந்தனர். 1885-ல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் அதிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். 1920-களில் பீகிங்கில் சென், ஷ்மிட் ஆகியோர் நடத்திய ஆய்வுக்குப் பின் அது ஆஸ்துமா மருந்தாக உலகெங்கும் பரவியது. அதே செடியால் இதயத்துக்கு ஆபத்து எனக் கண்டு, எபிட்ரா கலந்த ஊட்டப் பொருள்களை 2004-ல் அமெரிக்கா தடை செய்தது. நமது ஆடாதோடையில் உள்ள வாசிசினை அடியொற்றியே, சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் உருவானது. பயனும் ஆபத்தும் சோதனையில்தான் தெரிய வந்தன.

நம் நாட்டிலோ, பண்டைய நூல்களில் கூறியபடி, அதே நோய்க்காகத் தயாரிக்கப்படும் சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு உரிமம் பெறப் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை என்கிறது 158-பி விதி. இவற்றின் விளம்பரத்துக்கு முன் அனுமதி கோரும் 170-ஆவது விதி 2018-ல் வந்தது; 2024 ஜூலையில் மத்திய அரசே அதை நீக்கியது. அந்த நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையும் 2025 ஆகஸ்டில் விலகிவிட்டது. அலோபதி சிரப் மட்டும் ஒழுங்கா என்று கேட்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான, டைஎதிலீன் கிளைகால் கலந்த இருமல் மருந்தைக் குடித்து 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டதை மறக்க முடியுமா?

எந்த சிரப்பானாலும் பீன்யாவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை அவசியம் என்பது அரசின் நெறிமுறை. அரசு மையங்களில் அது இலவசம். வார்ப்பட மணல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயோ, வந்தால் திரும்பாதது. தொண்டை இதமானால் நோய் போய்விட்டதாக எண்ணி, மாதங்களைக் கழிப்பவர் இழப்பது நுரையீரலை.

ராஜாஜிநகரில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. போதிய நாள்கள் சந்தா செலுத்திய தொழிலாளிக்கு, நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 சதவீத ஊதியமும் உண்டு. ஒப்பந்தக்காரர் பெயரைப் பதிவு செய்யாத தொழிலாளிக்கு இரண்டுமே இல்லை.